பெண் பார்க்க வந்து பாலம் பார்த்த சம்பந்தி

லா சப்பல், பாரிஸ்
24.10.2013

பாசமுள்ள மச்சான் அம்புறோஸ் அவர்கட்கு,

மடுமாதாவின் தயவால் இங்கு யாவரும் நலம். உமது முழங்கால் நோவு தணிந்திருக்க மன்றாடுகிறோம். நிற்க.

உமது மருமகள், எங்கள் மகள் பிரியதர்சினியைப் பெண் பார்க்க, இம்மாத முதல் ஞாயிறு லண்டனிலிருந்து மாப்பிள்ளை ஜெனிஸ்டனின் தாய் தகப்பன் வந்திருந்தார்கள். தகப்பன் செசில் அங்கே ரயில்வேயில் பாலங்களைப் பரிசோதித்து ஓய்வுபெற்றவர். பிள்ளைகள் தாங்களாகவே விரும்பியது அவருக்குப் பிடிக்கவில்லை. முகத்தைத் தூக்கிக்கொண்டே கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கினார். ஆட்டிறைச்சிக் கொத்துரொட்டி வாங்கிக் கொடுத்தும் இளகவில்லை. சரி, ஈபிள் கோபுரத்தைக் காட்டுவம் எண்டு கூட்டிக்கொண்டு போனால், அந்தாள் கோபுரத்தை நிமிர்ந்தும் பார்க்கேல்லை மச்சான், பக்கத்தில சேன் ஆத்துக்கு மேல நிக்கிற தெபியி இரும்பு நடைபாலத்தைக் கண்டுபோட்டு ஓடத் தொடங்கினார், நாங்கள் பின்னால ஓட, "இது ஆர் கட்டினது?" எண்டு கேட்டார், நானும் வாயைக் குடுத்து "ஏதோவொரு லூயி ராசா" எண்டிட்டன்.

உம்மடை மருமகள்தான் மானத்தைக் காப்பாத்தினாள். "இல்லை மாமா, ஆயிரத்துத் தொளாயிரத்தில உலகக் கண்காட்சிக்கு வந்த சனம் கடக்கக் கட்டினது. கண்காட்சி முடியக் கழட்டுறதாத்தான் இருந்தவை. பிறகு கொஞ்சம் தள்ளி வைச்சினம். நாப்பத்தொண்டில இடிக்கப் பார்த்தினம். அதுக்கும் தப்பி நிக்குது."

"அப்ப விக்டோரியா மகாராணி உயிரோட இருந்தவ! இது எங்கடை ராணி காலத்துப் பாலம்!" எண்டு செசில் குப்புறப் படுத்து, கம்பிக்குள்ளால தலையை விட்டு ஆணியளைப் பார்த்துப் பார்த்துச் சிரிச்சார். சிரிச்ச சிரிப்பில மேல்பல்லுச் செற் கழண்டு, கீழால போன உல்லாசப் படகில விழுந்து, படகோட போயிட்டுது. படகில இருந்த சனம் எங்களுக்குக் கைகாட்டினது.

அவற்றை மனுசி இம்மாகுலேற் அசையேல்லை. "இப்ப சொல்லுங்கோ, கலியாணத்துக்குச் சம்மதமோ?" எண்டு கேட்டா. அவர் "ஓஃபிஃப்ஃபம்" எண்டார். "ஓமாம்!" எண்டு அவ கத்த, உம்மடை தங்கச்சி மரியகொறற்றி ஓடிப்போய், பசைபோல ஒட்டுற தொதல் துண்டொண்டை அவற்றை வாயில தள்ளினாள். பிறகெங்கை கதைக்கிறது?

சனவரியில் கலியாணம். தாய்மாமன் நீர் இல்லாமல் முடியாது. விசா அலுவலை உடனே பாரும். மாதா உம்மையும் பிள்ளைகளையும் தன் நிழலில் வைத்திருப்பாவாக.

உமதன்பு மச்சான்
ஸ்ரனிஸ்லாஸ்

பி.கு.: ஒட்டப்போன கடிதத்தைத் திரும்பப் பிரிச்சிட்டன். செசில் புதுப் பல்லோட ரெலிபோன் எடுத்தவர். பாலத்தில தான் சொன்னது "ஓம்" இல்லையாம், "யோசிப்பம்" எண்டதாம். பதறிப்போய் மகளிட்டைச் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். போன மாதமே இரண்டு பேரும் இங்கத்தை மெரியில, நகரசபையில, கலியாணம் பதிஞ்சாச்சாம். லண்டனிலயிருந்து களவா வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டது ஆரெண்டு நினைக்கிறீர்? இம்மாகுலேற்!


செசிலிட்டை "ஆறுதலா யோசியுங்கோ" எண்டிருக்கிறன்.