கல்லறைத் திருநாளுக்கு ஒரு கட்டைவிரல் நகம்

பத்து விரலையும் மடக்கிக் குத்துவேன் என்று வந்தவர்களை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன், பயந்ததில்லை. நாலே நாலு நகத்தை வைத்துக்கொண்டு ஒரு காம்பவுண்டையே நடுங்க வைத்த மனிதர் திண்டுக்கல்லில் ஒருவர்தான். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் நரசிம்மர்.

மனிதர் வேதக்காரர். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்க்கிறவர். அப்படிப்பட்டவருக்கு நரசிம்மர் என்று பெயர் சூட்டிய புண்ணியம் எங்கள் ஓனரம்மாவைச் சேரும். காரணம் இல்லாமல் இல்லை. சாயங்காலம் வெயில் சாயும் நேரத்தில், வீட்டுக்கு உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல், நிலைப்படியில் உட்கார்ந்து வலது கை நகங்களை அரத்தால் ராவிக்கொண்டிருப்பார். பகலும் இல்லை, இரவும் இல்லை. மடியில் இரணியன் கிடக்க வேண்டிய இடத்தில் ஒரு கிடார் கிடக்கும். அது ஒன்றுதான் வித்தியாசம்.

விளக்கு வைக்கிற நேரத்தில் நகத்தில் கை வைப்பது எங்கள் வீட்டில் ஒரு குற்றம். நிலைப்படியில் உட்கார்ந்து வைத்தால் இரண்டு. வெள்ளிக்கிழமையானால் மூன்று. இவரோ வாரத்துக்கு ஏழு நாளும் ராவினார். சர்ரக்… சர்ரக்… என்று அந்தச் சத்தம் சுவரைத் தாண்டி வரும்போது, என் வீட்டு அடுப்பில் பால்கூடப் பொங்க யோசிக்கும்.

நாங்கள் அந்தக் காம்பவுண்டுக்குக் குடிபோன முதல் வாரமே கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது.

“ஏன் சார், இடது கையில ஒட்ட வெட்டிட்டு வலது கையில வெட்ட மறந்துட்டீங்களா?”

“இடது கை கம்பிய அமுக்கும் தங்கச்சி. வலது கைதான் பேசும். பேசுற வாயில பல்லு வேணாமா?”

வலது கையிலும் சுண்டுவிரல் மொட்டைதான். அது வாசிப்பில் வேலை செய்யாதாம். மற்ற நாலுக்கும் தனித்தனி வடிவம். கட்டைவிரல் ஒரு பக்கம் சாய்வு, மோதிரவிரல் வட்டம். இதற்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். முதலில் கண்ணாடி அரம். அப்புறம் கார் பெயிண்ட் கடையில் தேய்க்கிற வாட்டர் பேப்பர், அதிலும் மாவு மாதிரி நைசானது. கடைசியில் ஒரு பழைய தோல் பெல்ட். எல்லாம் முடிந்து நகத்தை ஒரு பட்டுத் துணியில் இழுத்துப் பார்ப்பார். ஒரு நூல் மாட்டினாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

“பூட்டு ஊர்ல இருந்துக்கிட்டுக் கண்ணாடியில அரம் தேடுறீங்களே சார்?”

“பூட்டு அரத்தையும் போட்டுப் பாத்தேன். நகம் சாவி கணக்கா பல்லுப் பல்லா ஆயிருச்சு.”

இவருக்கு வேலை மூக்குக்கண்ணாடிக் கடையில். அங்கேதான் வினையே. வெள்ளெழுத்து வந்து நானும் ஒரு கண்ணாடிக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது இவர்தான் எழுந்து வந்தார். “செத்த நேரம் அசையாம இருங்க தங்கச்சி” என்று சொல்லிவிட்டு, அந்த நாலு நகத்தையும் விரித்துக்கொண்டு என் இரண்டு கண்ணையும் நோக்கி வந்தார் பாருங்கள். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன், தெரியாத இரண்டு மூன்றையும் சேர்த்துக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது கண்ணாடி மூக்கில் பூ மாதிரி உட்கார்ந்திருந்தது. நகம் என் தோலில் படவே இல்லை. படாததுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஓனரம்மா பேத்திக்குக் காது குத்து. சாப்பாட்டில் பீட்ரூட் பொரியல் வைத்தார்கள். நரசிம்மர் வெஞ்சனத்தை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவப் போகிற வழியில், வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாரிடமும் நலம் விசாரித்தார். நாலு நகமும் இரத்தச் சிவப்பு. முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஓனரம்மா வீட்டு மாப்பிள்ளை பாதி இலையில் எழுந்துவிட்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. சிரிக்க முடியாத சங்கதி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. என் வீட்டுக்காரருக்கு ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் வேலை. சின்ன வெங்காயம் எங்கள் வீட்டுக்கு மூட்டையாகத்தான் வரும். அதை உரிப்பதற்கென்றே வலது கட்டைவிரல் நகத்தை நீளமாக விட்டிருந்தேன். வாசலில் உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்தபோது, என் மேல் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நரசிம்மர். என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நல்ல நகம் தங்கச்சி. என்னா கனம், என்னா வளைவு! வெட்டிப்புடாதீங்க.”

இப்படிச் சொன்னால் எந்தப் பெண்ணுக்குக் குலை நடுங்காது? நகம், முடி, காலடி மண் இந்த மூன்றும் அடுத்தவர் கைக்குப் போகக்கூடாது, போனால் செய்வினை வைத்துவிடுவார்கள் என்று பால் குடிக்கிற வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள் நான். அந்த வாரத்திலிருந்து என் வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. தீபாவளி மருதாணி விரலில் இன்னும் சிவப்பாக இருந்தது. விரல் மட்டும் என்னுடையதாக இல்லை. நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட ஆபீசில் டைப் அடித்தால் ஒரு எழுத்துக்கு இன்னொரு எழுத்து விழுந்தது. போதாக்குறைக்கு, வாசலில் வெட்டிப் போட்ட மற்ற விரல் நகங்களைக் கூட்டி அள்ளினேனா இல்லையா என்பதும் ஞாபகம் வரவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம். நரசிம்மர் போன் பேச உள்ளே போயிருந்தார். நிலைப்படியில் தகரப் பெட்டி திறந்து கிடந்தது. எட்டிப் பார்த்தேன். உள்ளே ஹோமியோபதி மருந்துக் குப்பிகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் வெட்டிய நகத் துண்டுகள். குப்பிக்குக் குப்பி பொடி எழுத்தில் சீட்டு வேறு: கட்டை, ஆள்காட்டி, நடு, மோதிரம். ஓரத்தில் சீட்டு ஒட்டாத ஒரு குப்பி இருந்தது. அதற்குள் பொடிசாக, மருதாணிச் சிவப்பில், ஒரு பொம்பளையின் நகங்கள்.

அவ்வளவுதான், எனக்கு உச்சந்தலை ஜில்லிட்டுப் போனது. அந்தக் குப்பியை நான் எடுப்பதற்கும் அவர் வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது.

“தங்கச்சி, அதை மட்டும் தொடாதீங்க.”

“என் நகத்தை நான் தொடக் கூடாதாக்கும்? எனக்குக் கை விளங்காமப் போனது இதனாலதானா?” என்று காம்பவுண்டே கேட்கக் கத்தினேன். அவர் குப்பியைப் பிடுங்கிக்கொண்டார். மிச்சத்தையாவது பறிப்போம் என்று பெட்டியை இழுத்தேன். அவர் தடுக்கக் கையை நீட்டினார். மூடி டப்பென்று விழுந்தது. கருவேலஞ் சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம். பெட்டி கவிழ்ந்து, குப்பிகள் திறந்து, நகமெல்லாம் துணி துவைக்கும் கல்லோரமாகச் சாக்கடையில் போய்ச் சேர்ந்தது.

அவருடைய கட்டைவிரல் நகம் சதையோடு ஒட்ட முறிந்திருந்தது. அவர் சாக்கடையைப் பார்த்தார். விரலைப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையை விரித்து அந்தச் சின்னக் குப்பியைக் காட்டினார்.

“இது லில்லியோடது தங்கச்சி. என் வீட்டுக்காரி. போன வருசம் ஆபரேசனுக்குக் கொண்டு போறப்ப, விரல்ல கிளிப் மாட்டணும், மருதாணி நகத்தை வெட்டிருங்கன்னு நர்ஸம்மா சொன்னாங்க. நாந்தான் வெட்டுனேன். உள்ள போனவ திரும்பி வரலை.”

ஓனரம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டார்.

“மத்ததெல்லாம் என் நகம்தான். ஒடிஞ்சா ஒட்டுறதுக்கு. வண்டிக்கு ஸ்டெப்னி இருக்குல்ல, அது மாதிரி.”

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். லில்லியக்காவின் சவப்பெட்டியைத் தூக்கும்போது இவர் நகம் நாலும் ஒடிந்துபோய், அடக்கத்தன்று வாசிக்க முடியவில்லையாம். அந்த அம்மா முணுமுணுக்கிற ஒரு மெட்டு உண்டு, பேர் இல்லாத மெட்டு. நகம் வளர்ந்ததும் வந்து வாசிக்கிறேன், கல்லறைத் திருநாளைக்குக் கட்டாயம் வாரேன் என்று குழி மேட்டில் நின்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வருஷமாக அந்தச் சர்ரக் சர்ரக் இதற்குத்தான்.

“பிளாஸ்டிக்ல ஏதாச்சும் மாட்டி வாசிக்கக் கூடாதா சார்?” என்று கேட்டேன்.

“அடுப்படியில இருந்தே என் கட்டைவிரல் எது, மத்த விரல் எதுன்னு சொல்லிருவா. அவள ஏமாத்த முடியாது.”

மறுநாள் டாக்டரைப் பார்த்தேன். கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “செல்போனைக் கொஞ்சம் கீழ வைங்கம்மா, சரியாப்போகும்” என்றார். செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இத்தனை நாள் சத்தத்துக்குப் பயந்தவள் அந்த அமைதிக்கு அதிகம் பயந்தேன். எட்டிப் பார்த்தால், நிலைப்படியில் உட்கார்ந்திருக்கிறார். முறிந்த கட்டைவிரல் மேல் சிவப்பாய் ஒரு நகத் துண்டு. இடது கையில் அரம். அரம் நகர மாட்டேன் என்கிறது. செத்துப்போனவளின் நகத்தை விரலில் வைத்துக்கொண்டு அவர் அசையாமல் இருந்த அந்தக் கோலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

“ராவுனாத் தூளாயிரும் தங்கச்சி. தூளாயிட்டா அப்புறம் அவ எங்க இருப்பா?”

என்னால் தாங்க முடியவில்லை. உள்ளே போய் நகவெட்டியை எடுத்து வந்தேன். வேலை முடிந்து அப்போதுதான் வந்த என் வீட்டுக்காரர் பதறிவிட்டார்.

“ஏண்டி, வெள்ளிக்கிழமைடி!”

“தெரியும்.”

“விளக்கு வேற வச்சாச்சுடி!”

“அதுவும் தெரியும். நீங்க நகருங்க.”

நரசிம்மருக்குப் பக்கத்தில், அதே நிலைப்படியில் உட்கார்ந்து, என் வெங்காயம் உரிக்கிற கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டி அவர் உள்ளங்கையில் வைத்தேன். மூன்று குற்றமும் ஒரே நேரத்தில். அவர் என்னைப் பார்த்தார்.

“பயமா இல்லையா தங்கச்சி?”

“அம்புட்டும் பயந்தான் சார். சீக்கிரம் ஒட்டுங்க.”

பசை போட்டு ஒட்டினார். சர்ரக்… சர்ரக்… என் நகத்தை இன்னொருவர் ராவுகிற சத்தம் கேட்டு எனக்குப் பல் கூசியது. கடைசியில் பட்டுத் துணியில் இழுத்துப் பார்த்தார். ஒரு நூல்கூட மாட்டவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நானும் கூடப் போனேன். கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த சிலுவைகள், செவ்வந்தி, சம்பங்கி, ஆயிரம் மெழுகுவத்தி. சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு அடுத்த வரிசைக்கு நகர்ந்தார். நரசிம்மர் லில்லியக்காவின் கல்லறை ஓரமாக உட்கார்ந்து, கட்டைவிரலால் கீழ்க்கம்பியை ஒரு தடவை தட்டினார்.

நம்பினால் நம்புங்கள். இரண்டு எட்டு தள்ளி நின்ற என் மொட்டைக் கட்டைவிரல் நுனியில் சுரீர் என்றது.

அவர் அடுத்த தடவை தட்டினார். மறுபடி சுரீர். மற்ற விரல்கள் மேலே ஏதேதோ பேசிக்கொண்டிருக்க, அந்தக் கட்டைவிரல் விழும்போதெல்லாம் என் விரல் துடித்தது. காற்று துளி இல்லை. ஆனால் அந்தக் கல்லறை மெழுகுவத்திகள் மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்தன, யாரோ குனிந்து காதைக் கொடுத்த மாதிரி. என் நகம் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது, அவர் அசைத்தால் என் உடம்பு அசைகிறது. இதற்குப் பெயர்தான் செய்வினை என்றால், எனக்கு முழுச் சம்மதம் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

இப்போது அவர் மகளோடு திருச்சியில் இருக்கிறார். முழங்கால் மடங்குவதில்லை, பஸ் ஏறி வர முடியாது. அவர் நகம் எப்போதோ வளர்ந்துவிட்டது, ஆனாலும் வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சின்னக் குப்பியைக் கூரியரில் போடுகிறேன். “உள்ள என்னங்கம்மா, டாக்குமெண்டா?” என்று கேட்பார்கள். “என் கட்டைவிரலு” என்பேன். அதன் பிறகு எதுவும் கேட்கமாட்டார்கள்.

திருநாளன்று அவருக்குப் பதிலாக நான்தான் போய் மெழுகுவத்தி ஏற்றுகிறேன். சரியாக வெயில் சாயும் நேரத்தில் விரல் நுனி சுரீர் என்னும். “ஆரம்பிச்சுட்டாருக்கா, கேளுங்க” என்று, நான் ஒருநாளும் பார்த்திராத லில்லியக்காவிடம் சொல்லிவிட்டு, துடிப்பு அடங்கும் வரை நின்றுதான் வீட்டுக்குக் கிளம்புகிறேன்.