மூன்று வரை எண்ணிச் சொன்ன சாட்சி

ஓமலூர் கோர்ட்டிலிருந்து சேலம் போகும் சாலையில் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ. நல்ல ஷூதான், அரை அளவு சின்னது. அதை எந்தச் சாக்கடையில் எறியலாம் என்று பார்த்துக்கொண்டே போனேன். பின்னால் என் அக்காவும் அவள் புருஷன் பழனிச்சாமி மாமாவும் கோர்ட் வாசலில் நின்றிருந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்கிற துணிச்சல் இல்லாமல்தான் அந்த வெயிலில் நடந்தேன்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தறி, போர்வெல் போடும் ரிக் வண்டி, தாபா என்று பல ஊர் பார்த்துவிட்டு, கடைசியில் மாமா ஓட்டிய லாரியில் கிளீனராக ஏறினேன். ஒருநாள் மத்தியானம் மக்காச்சோள லோடோடு ஓமலூர் பக்கம் வருகையில், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையிலிருந்து ஒரு பைக் வந்தது. ஓட்டியவன் கண் செல்போனில் இருந்தது. மாமா பிரேக் அடித்தார். வண்டி முக்கால்வாசி நின்றுவிட்டது. மீதிக் கால்வாசியில் அந்த ஆளின் கால் உடைந்தது. கேஸ் மாமா மேல். தண்டனை விழுந்தால் லைசென்ஸ் போகும். இருபது வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்காத மனுஷன் அவர். பக்கத்தில் இருந்து பார்த்த ஒரே சாட்சி நான்.

நான் போய் உள்ளதைச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். லாரி முதலாளியின் மகன் விடவில்லை. பெங்களூரிலிருந்து ஒரு கன்சல்டன்டைக் கூட்டி வந்தான். அமெரிக்காவில் வழக்கைக் கேட்டு முடிவு சொல்லப் பொதுமக்கள் பன்னிரண்டு பேரை உட்கார வைப்பார்களாம். அவர்களில் யார் எதை நம்புவார்கள் என்று வக்கீலுக்கு முன்கூட்டியே கண்டுபிடித்துச் சொல்ல, சாட்சிகளைத் தயார் செய்ய, தனி ஆட்கள் உண்டாம். இவர் அந்தப் படிப்புப் படித்தவர்.

"இங்க ஜூரியெல்லாம் இல்லீங்களே, ஒரே ஜட்ஜ்தான்" என்றார் எங்கள் வக்கீல்.

"மனுஷ மனசு எங்கேயும் ஒண்ணுதான் சார்" என்றார் கன்சல்டன்ட். வக்கீல் வாயை மூடிக்கொண்டார். (அந்த வாய்க்குத்தான் ஃபீஸ் வாங்குகிறார்.)

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு மாடி அறை. பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஆள் கிடைத்ததென்னவோ ஏழு பேர்: ஜெராக்ஸ் கடைப் பெண், வாட்ச்மேன், இப்படி. நான் சாட்சி சொல்ல வேண்டும், அவர்கள் துண்டுச் சீட்டில் 'நம்புகிறேன்', 'நம்பவில்லை' என்று எழுத வேண்டும். முதல் நாள் என் பாட்டுக்குச் சொன்னேன். ஏழு பேரும் நம்பினார்கள். கன்சல்டன்டுக்குத் திருப்தி இல்லை. அதன்பிறகு பத்து நாள் பயிற்சி. நீதிபதியின் கண்ணைப் பார், பார்வையை எடுக்காதே. உள்ளங்கையை விரித்து வை. கேள்வி முடிந்ததும் மனதுக்குள் மூன்று வரை எண்ணிவிட்டுப் பதில் சொல். வெளிர்நீலச் சட்டை போடு. ஷூ போடு. அந்தப் பத்து நாளில் எப்படிச் சொல்கிறேன் என்பதைக் கேமராவில் நூறு தடவை பார்த்தார். என்ன பார்த்தேன் என்று ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்கவில்லை.

கடைசி நாள் வாட்ச்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மொதநாளே நல்லா இருந்துச்சு சாமி. இப்ப நீ என்னமோ விக்க வந்தவனாட்டம் இருக்கற."

அதைக் கன்சல்டன்டிடம் சொன்னேன். "ஒருத்தர் கருத்தையெல்லாம் எடுத்துக்க முடியாது" என்றார். நானும் தலையாட்டினேன். ஷூ போட்ட திமிர் எனக்கு.

கோர்ட்டில் கூண்டேறினேன். நீதிபதி ஒரு அம்மா. குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். கண்ணைப் பார் என்றால் எந்தக் கண்ணை? உச்சிவகிடுதான் தெரிந்தது. கூண்டுக் கட்டையில் வயிற்றைச் சாய்த்து, கழுத்தை நீட்டி, கீழிருந்து அவர் கண்ணைத் தேடினேன்.

எங்கள் வக்கீல் கேட்டு முடித்ததும் அரசு வக்கீல் எழுந்து கேட்டார். "லாரி என்ன வேகத்துல வந்துச்சு?"

ஒன்று, இரண்டு, மூன்று. "முப்பதுக்கும் கீழதானுங்க."

"கேக்கறது நானு. அங்க எட்டி எட்டி என்னத்தத் தேடறீங்க? வாய் வேற முணுமுணுக்குது."

"முணுமுணுக்கலீங்க. எண்ணுறனுங்க."

"எத்தன வரைக்கும்?"

ஒன்று, இரண்டு, மூன்று. "மூணு வரைக்குமுங்க."

பின்வரிசையில் சிரிப்பு. "ஆரு எண்ணச் சொன்னது?"

இதற்கு மட்டும் எண்ணவில்லை. "கன்சல்டன்ட் சாருங்க. அதா, பின்னால உக்காந்திருக்காருங்க."

"அப்படியா. வேற என்னெல்லாம் சொல்லிக் குடுத்தாரு?"

அரசு வக்கீல் கனிவாகத்தான் கேட்டார். பத்து நாள் படித்த பாடத்தை ஒருத்தராவது கேட்கிறாரே என்று எனக்குப் பெருமை. சட்டை நிறத்திலிருந்து ஆரம்பித்து உள்ளங்கையை விரித்தே காட்டினேன். எங்கள் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். "அடிபட்டவரப் பத்திக் கேட்டா மூஞ்சிய வாட்டமா வெச்சுக்கோணும்னு சொன்னாருங்க" என்று முடித்தேன்.

அப்போதுதான் நீதிபதி அம்மா நிமிர்ந்து என் கண்ணைப் பார்த்தார். பத்து நாள் பயிற்சிக்கு அந்த ஒரு பார்வைதான் கூலி.

"சொல்லிக் குடுத்த சாட்சிங்கம்மா. இதுக்கு மேல கேக்க ஒண்ணுமில்லீங்க" என்று அரசு வக்கீல் உட்கார்ந்துவிட்டார்.

விபத்து நடந்த அன்று ஆம்புலன்ஸ் வரும்வரை அந்த பைக்காரனின் தலையை என் மடியில் வைத்திருந்தேன். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். அவன் ரத்தம் காய்ந்த லுங்கியோடுதான் அன்று வீட்டுக்குப் போனேன். எனக்கு வாட்டம் சொல்லிக் கொடுக்க ஒருத்தன் பெங்களூரிலிருந்து வந்தான், நானும் கண்ணாடி முன்னால் நின்று பழகினேன். அவன் மேல் இருக்கும் கோபத்தைவிட என் மேல் இருக்கும் கோபம் இன்னும் பெரிது.

தீர்ப்பு பின்னால் வந்தது. மாமாவின் லைசென்ஸ் போனது. இப்போது ஒரு தீவன மில் கேட்டில் உட்கார்ந்து உள்ளே போகும் லாரிகளின் நம்பரை எழுதுகிறார். என்னை ஒரு வார்த்தை திட்டியதில்லை. ஆனால் வீட்டில் சோற்றுக்கு உட்கார்ந்தால், "மாப்ள, கொழம்புல உப்பு செரியா இருக்குதா? எண்ணிட்டுச் சொல்லு" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அக்கா மட்டும் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவாள்.

சாட்சி சொன்ன அன்றைக்கு நடந்து நடந்து கால் கொப்புளித்துவிட்டது. காலி வண்டியோடு நாமக்கல் திரும்பிய ஒரு முட்டை வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். வேலை இல்லை என்றேன். மறுநாள் காலை தனக்குத் தெரிந்த கோழிப்பண்ணையில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுக்கடுக்காக முட்டை அட்டைகள். பண்ணைக்காரர் என் வெறுங்காலையும் கையிலிருந்த ஷூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எண்ணத் தெரியுமா?"

"தெரியுமுங்க" என்றேன், அவர் வாய் மூடுவதற்குள்.