ஹால்வருக்குக் கை நடுங்கியது

"இது அந்த ஆளு கையெழுத்தே இல்ல," என்று டெல்மர் உறையைத் தள்ளிவிட்டார்.

அதே மேசையில் எதிர்க்கட்சி சார்பில் உட்கார்ந்திருந்த ஆர்டிஸ் உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். தேர்தலுக்கு முன்பே தபாலில் வந்து சேரும் வாக்குகளை, மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் மேசைக்கு இரண்டு பேராக உட்கார்ந்து சரிபார்ப்பார்கள், கட்சிக்கு ஒருவர். உறைமேல் இருக்கும் கையெழுத்தைப் பார்த்து இருவரும் தலையாட்டினால்தான் உறையைப் பிரிக்கலாம். போன தேர்தலிலும் ஹால்வர் எங்கனின் உறை இப்படித்தான் சிக்கியது. ஆர்டிஸ்தான் போன் போட்டு வரவழைத்து, எதிரே உட்காரவைத்துச் சரிசெய்தாள்.

இன்றோடு கெடு. மறுபடி போன் போட்டாள்.

பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக வந்தார். கூட வந்த மகள் கிரேட்டா கார் சாவியோடு வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"கை நடுங்குதும்மா. வயசாச்சில்ல?" என்றபடி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் காட்டினார்.

டெல்மர் எட்டிப் பார்த்தார். "ஹால்வர்னு கிளம்பி நடுவுல எங்கயோ ஊருக்குப் போயிட்டீங்களே ஐயா!"

பேனா ஒல்லியாக இருப்பதுதான் கோளாறு என்று ஆர்டிஸ் தடிப் பேனா கொடுத்தாள். மை கொட்டிப் பாதிப் பெயர் குளத்தில் மூழ்கியது. பதற்றம் தணியட்டும் என்று காபி கொண்டுவந்தாள். கோப்பையை வாங்கும்போது அவள் விரல் பட்டதோ என்னவோ, காபி முழுவதும் புதுத் தாளில் கவிழ்ந்தது.

"அடடா, மன்னிச்சுக்கம்மா..."

"இருக்கட்டும், இருக்கட்டும். நான் மணிக்கட்டைப் பிடிச்சுக்கறேன், நீங்க போடுங்க."

"கையை எடும்மா!" டெல்மர் எழுந்தேவிட்டார். "நீ பிடிச்சுப் போட்டா அது உன் கையெழுத்து. அவர் ஓட்டு அப்புறம் அம்போதான்!"

ஆர்டிஸின் கண் கலங்கிவிட்டது. தன்னால் ஒரு மனிதரின் ஓட்டு போகிறதே!

"நீ கொஞ்சம் அந்தக் கோடிக்குப் போ தாயே. உன் உதவி தாங்கல."

அவள் அறைக்கோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். பின்னால் பேனா சரசரவென்று ஓடும் சத்தம்.

"அட! அச்சுல வார்த்த மாதிரி இருக்கே!" என்றார் டெல்மர்.

ஆர்டிஸ் ஓடிவந்து பார்த்தாள். சுழிகூடப் பிசகவில்லை. இருவரும் தலையாட்டினார்கள், உறை தேறியது. பெரியவர் மட்டும் ஏனோ முகம் வாடி, மெதுவாகத் தொப்பியைத் தேடினார்.

ஆர்டிஸ் வாசல்வரை வந்து கிரேட்டாவிடம் சொன்னாள்: "கை நடுக்கத்துக்கு நல்ல டாக்டரா பாருங்கம்மா. அடுத்த தேர்தலுக்கும் இப்படி ஆயிடக் கூடாது."

கிரேட்டா குரலைத் தாழ்த்தினாள்: "டாக்டரெல்லாம் வேண்டாங்க, ஞாயித்துக்கிழமை நீங்க எங்க வீட்டுக்குச் சாப்பிட வந்தா போதும், பேங்க்லயும் மருந்துக்கடையிலயும் நடுங்காத கை, உங்க ஆபீஸ் உறையைக் கண்டாத்தான் நடுங்குது."