கோல்கீப்பரைக் கட்டிப்போட்ட எட்டுக் கையெழுத்து

குளுவாங்

மதிப்பிற்குரிய சதாசிவம் அத்தானுக்கு, மைத்துனன் காளியப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர அனைவரும் நலம். அக்காவுக்கும் உங்கள் காருக்கும் ஒரு குறையும் இருக்காது என நம்புகிறேன்.

உங்கள் மகள் லோஷினியைச் சட்டம் படிக்க வைத்தபோது "எதுக்கு?" என்று கேட்டவன் நான். மன்னிக்க வேண்டும். போன வாரம் அவள் சொன்னதைக் கேட்டுத் திறந்த வாய் இன்னும் மூடவில்லை.

நான் செயலாளராக இருக்கும் கால்பந்து லீக்கில் எட்டுக் குழுக்கள், டிக்கெட், ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் என்று எல்லாம் முறையாக நடப்பது உங்களுக்குத் தெரியும். அதில் நான் தலைவராக இருக்கும் குழுவின் கோல்கீப்பர் ஹேமநாதன், பெக்கான் நானாஸில் புதிதாகத் தொடங்கிய லீக்கிலும் சனிக்கிழமைகளில் ஆடப் போவதாகச் சொன்னான். "போனா ரெண்டு வருஷத்துக்கு இங்க எந்த டீமும் உன்னைச் சேக்காது" என்றேன். அவன் வழக்குப் போடுவேன் என்று கடிதமே அனுப்பிவிட்டான். பத்தொன்பது வருடம் வளர்த்த லீக்கை இழுத்து மூட வேண்டி வருமோ என்று பயந்து, ஆதாரத்தோடு ஸ்கூடாயில் இருக்கும் லோஷினியிடம் ஓடினேன். ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை, வெளியே ஆடுகிறவனை யாரும் சேர்ப்பதில்லை என்று வருடா வருடம் எட்டுத் தலைவர்களும் கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வோமல்லவா? அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, எட்டுப் பேரும் கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, படமும் எடுத்து வைத்திருந்தேன். பெருமையோடு நீட்டினேன்.

லோஷினி படித்தாள். தண்ணீர் குடித்தாள். "அலமாக், மாமா! எதிர்க்கட்சி வக்கீல் இதைத் தேடித்தான் அலைவாரு. நீங்களே சாப் குத்திக் கொண்டாந்துட்டீங்க லா!" என்றாள்.

போட்டியாளர்கள் கூடிப் பேசி ஒருவன் பிழைப்பை அடைத்தால் தட்டிக்கேட்க ஒரு சட்டம் இருக்கிறதாம். நாங்கள் வடை தின்றுகொண்டே அதை மீறியிருக்கிறோம்.

"அப்ப நாங்க ஒன்னா உக்காந்து பேசவே கூடாதா?" என்றேன்.

"அப்படி இல்ல மாமா. ரெண்டு மளிகைக் கடையில ஒன்னு மூடினா மத்தவருக்குக் கொண்டாட்டம். எதிர் டீம் மூடிட்டா நீங்க யாரோட விளையாடுவீங்க? மேட்ச் தேதி, விதிமுறையெல்லாம் சேர்ந்துதான் பேசணும். அதைச் சாக்கா வச்சு ஆளைக் கட்டிப்போடத்தான் கூடாது."

அத்தான், எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. இப்படி ஒரு சட்டத்தை எந்த மகான் உட்கார்ந்து யோசித்தாரோ! எங்கள் லீக்கிலேயே எனக்குப் பரம எதிரியான குணாளனின் குழு ஒழிய வேண்டும் என்று இத்தனை வருடம் சாமியைக் கும்பிட்டேனே, அது பலித்திருந்தால் என் குழுவுக்கு ஏது ஆட்டம்? நேற்று சந்தையில் அவரைப் பார்த்து, "உடம்பப் பாத்துக்குங்க" என்றேன். மனிதர் பயந்துபோய் மீன் வாங்காமலே போய்விட்டார்.

தடையை நீக்கிவிட்டோம். "எங்க வேணும்னாலும் ஆடு தம்பி" என்று ஹேமநாதனிடம் நானே சொன்னேன். சொல்லும்போது கண் கலங்கியது. சுதந்திரம் எவ்வளவு பெரிய விஷயம்!

அக்காவுக்கு என் அன்பு. லோஷினி ஏறும் நீதிமன்றமெல்லாம் முருகன் துணை நிற்கட்டும்.

உங்கள்
காளியப்பன்

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் ஹேமநாதன் வந்தான். பெக்கான் நானாஸ்காரர்கள், வேறு எந்த லீக்கிலும் ஆடக்கூடாது என்று அவனிடம் கையெழுத்து வாங்கிவிட்டார்களாம். ஒரு விளையாட்டுக்காரனைக் கட்டிப்போட இவர்கள் யார், அத்தான்? அநியாயம்! லோஷினியை நாளைக்கே வழக்குப் போடச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் கோலில் நிற்க ஆளில்லை.