பன்னிரண்டாம் இடமும் பின்னங்கால்களும்

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணிக்கு வெர்லன் ஹட்டோ ஒரு சபதம் செய்தார். வரும் ஞாயிறு காலை பதினோரு மணிக்குத் தன் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை. வானமே இடிந்து விழுந்தாலும் சரி. வீடு தீப்பிடித்தால் தீயணைப்புக்காரர்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போகட்டும்.

சபதத்துக்குக் காரணம் இருந்தது. டன்மோர் பல்கலைக்கழகத்து அமெரிக்க ஃபுட்பால் அணிக்குக் 'கழுதைகள்' என்று பெயர். யாரும் திட்டி வைத்ததல்ல, அவர்களே ஆசைப்பட்டு வைத்துக்கொண்டது. அந்தக் கழுதைகள் முதல் இரண்டு ஆட்டத்தில் தோற்றுவிட்டு, அப்புறம் வரிசையாகப் பத்து ஆட்டம் ஜெயித்திருந்தன. இனி ஆட்டம் ஏதும் பாக்கியில்லை. எங்கோ ஒரு ஓட்டலில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கமிட்டி, ஞாயிறு பதினோரு மணிக்கு, இறுதிச் சுற்றில் ஆடப்போகும் பன்னிரண்டு அணிகளை டிவியில் அறிவிக்கும். டன்மோர் இதுவரை ஒரு தடவைகூட அந்தப் பட்டியலில் வந்ததில்லை.

வெர்லன் டன்மோரில் படித்தவரில்லை. எந்தக் கல்லூரியிலும் படித்தவரில்லை. அலபாமாவின் ஹேய்ஸ்டன் ஊரில் ஆணியும் சுத்தியலும் விற்கிறவர். ஆனாலும் "நாங்க ஜெயிச்சுட்டோம்" என்றுதான் சொல்வார். தோற்றால் மட்டும் "அந்தப் பசங்க தோத்துட்டாங்க" என்பார்.

செவ்வாய்க்குச் செவ்வாய் கமிட்டி வெளியிடும் தரவரிசையில் அன்று டன்மோருக்குப் பன்னிரண்டாம் இடம். ஒரு இடம் இறங்கினாலும் பன்னிரண்டுக்குள் இருக்கிறோம் என்று வெர்லன் துள்ளிக் குதித்தார். பக்கத்து வீட்டு ஹோலிஸ் வேகவைத்த வேர்க்கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டே சிரித்தார். ஹோலிஸ் பரம எதிரியான பெல்காட் அணியின் ஆள். முப்பது வருஷ நண்பர், ஆகையால் முப்பது வருஷ விரோதி.

"எதுக்குடா குதிக்கறே? பன்னிரண்டுன்னா வெளியேன்னு அர்த்தம். ஒரு இடம் சின்ன லீக் சாம்பியனுக்குப் போயிடும். பதினொண்ணு வரைக்கும்தான் கதவு திறந்திருக்கும். பதினொண்ணுல யாரு? நாங்க."

"அக்டோபர்ல உங்களை மண்ணைக் கவ்வ வச்சோமே, அதை எந்தக் கணக்குல சேத்தாங்க?"

"மூணே மூணு புள்ளி வித்தியாசம்."

"ஒரு புள்ளின்னாலும் ஜெயிச்சது ஜெயிச்சதுதான்டா!"

"அதே கழுதைங்கதான் செப்டம்பர்ல ஒரு பொடிக் காலேஜ்கிட்ட உதை வாங்கிச்சு. அவங்க பஸ் டிரைவரே ரெண்டாம் பாதியில இறங்கி ஆடினதாக் கேள்வி."

"அன்னிக்கு மழை!"

"உங்களுக்கு மட்டுமா பெஞ்சுது?"

வெர்லன் கடலைக் கிண்ணத்தைப் பிடுங்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டார். வாதத்தில் தோற்றால் அவர் செய்வது அதுதான்.

சமையலறை வாசலில் துடைக்கும் துணியோடு நின்றிருந்தாள் அவர் மனைவி டார்லீன். ஆட்டம் நடந்தாலும் சரி, அறிவிப்பு நடந்தாலும் சரி, அவள் அங்கேதான் நிற்பாள். அவளுக்கு ஃபுட்பால் பிடிக்காது என்பது வெர்லனின் முடிவு. அவளைக் கேட்டு எடுத்த முடிவில்லை.

"செல்லம்" என்றாள் டார்லீன்.

அவள் செல்லம் என்றால் வெர்லனுக்கு ஏதோ வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். போன தடவை செல்லம் என்றபோது மூன்று நாள் கூரைமேல் இருந்தார்.

"டூயிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆயிடுச்சு. ஞாயித்துக்கிழமை சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்துல கழுதைக்குப் பின்னங்கால் இல்ல. பாஸ்டர் கிம்பிள் உன்னைக் கேட்டார்."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் வெர்லன், தெரிந்துகொண்டே.

"பதினோரு மணி ஆராதனையில."

மரியாளைச் சுமந்து பெத்லகேமுக்குப் போகும் கழுதை. இரண்டு பேர் உள்ளே குனிந்து நடக்க வேண்டும். முன்பாதி நாலு வருஷமாக டார்லீன், பின்பாதி டூயி. பின்பாதியில் இருப்பவருக்கு உலகமே தெரியாது. தெரிவதெல்லாம் முன்னால் இருப்பவரின் இடுப்பு மட்டும். ஹோலிஸ்கூட நாடகத்தில் மேய்ப்பன்தான், ஆனால் மேய்ப்பனுக்கு அங்கிக்குள் போனை ஒளித்துக்கொள்ள வசதி உண்டு.

வெர்லன் எழுந்திருக்கப் போனார். பாதியில் நின்றார். இடுப்பைப் பிடித்தார்.

"ஆ!"

"என்ன ஆச்சு?"

"முதுகு. டக்குன்னு பிடிச்சிக்கிச்சு. குனியவே முடியல."

"இப்பத்தானே குதிச்சே?" என்றார் ஹோலிஸ்.

"குதிச்சதாலதான்டா பிடிச்சிக்கிச்சு!"

டார்லீன் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ அவரைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தாள். வெந்நீர்ப் பை கொண்டுவந்தாள். "பாவம், நீ அசையவே வேணாம். பாஸ்டர்கிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள். திட்டம் இவ்வளவு சுலபமாகப் பலித்ததில் வெர்லனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. இன்னும் நாலு முனகல் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார்.

மறுநாள் காலை டார்லீன் அவருக்கு முட்டையும் சூடான பிஸ்கட் ரொட்டியும் வைத்துவிட்டு, போகிற போக்கில் சொன்னாள்:

"பதினொண்ணுக்கு வர்றதுக்கு வழி இருக்கு. பத்தாவது இருக்கறவங்க சனிக்கிழமை சாம்பியன் ஆட்டத்துல தோத்தா மூணாவது தோல்வி. கமிட்டி அவங்களை இறக்கிட்டு, ஜெயிச்சவங்களை அந்த இடத்துல வைக்கும். மிச்சம் பதினொண்ணு மட்டும். அப்போ பெல்காட்டையும் நம்மளையும் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. நேருக்கு நேர் ஜெயிச்சது நாம."

வெர்லன் வாயிலிருந்த பிஸ்கட்டை விழுங்க மறந்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வாசல்ல நிக்கறேன்ல, காதுல விழும்." அவள் தட்டை எடுத்தாள். "ஆனா ஒண்ணு. சொன்னா கோவிச்சுக்குவே."

"சொல்லு."

"வேணாம். உனக்கு முதுகு வேற சரியில்ல."

"முதுகுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? சொல்லுன்னா!"

குளிர்சாதனப் பெட்டியில் காலண்டர் தொங்கியது. ஊர் சவ அடக்க நிலையம் வருஷா வருஷம் இலவசமாகத் தருவது. டார்லீன் நவம்பர் பக்கத்தைப் புரட்டினாள். ஒவ்வொரு செவ்வாயிலும் பொடியாக எழுதியிருந்தாள்.

"முதல் செவ்வாய், நாற்காலியில உக்காந்து பார்த்தே. பதினாலு. ரெண்டாவது செவ்வாய், என் அக்கா வீட்டுக் குழாயை ரிப்பேர் பண்ணப் போயிருந்தே. பதினொண்ணு!"

வெர்லன் கிட்டே வந்தார். முதுகு நேராகவே இருந்தது.

"மூணாவது, நாற்காலி. ஜெயிச்சும் பதிமூணுக்கு இறக்கினாங்க. நாலாவது, பல் டாக்டர்கிட்ட வாயைப் பிளந்துகிட்டு இருந்தே. மறுபடி பதினொண்ணு. நேத்து நாற்காலி. பன்னிரண்டு."

தரவரிசை எண்கள் வெர்லனுக்கு மனப்பாடம், ஒன்றுகூடத் தப்பில்லை. எந்தக் கிழமை எங்கே இருந்தோம் என்பதுதான் அவருக்கு என்றைக்கும் நினைவிருந்ததில்லை.

"ஆனா ஆட்டத்தையெல்லாம் நாற்காலியில உக்காந்துதானே பார்த்தேன்? பத்தும் ஜெயிச்சோமே?"

"ஆட்டத்துக்கு நாற்காலி ராசிதான். கமிட்டிக்குத்தான் ஆகலை" என்று டார்லீன் வருத்தத்தோடு சொன்னாள்.

வேறு யாராக இருந்தாலும் சிரித்திருப்பார்கள். ஆனால் வெர்லன் செப்டம்பரிலிருந்து ஒரு பச்சைச் சட்டையைத் துவைக்காமல் வைத்திருப்பவர். பத்து வெற்றியும் அந்தச் சட்டையால் வந்தது என்று நம்புகிறவர். சட்டை இப்போதெல்லாம் மாட்டாமலேயே நிற்கும். அப்படிப்பட்டவர் காலண்டரில் மையால் எழுதியிருப்பதை எப்படித் தள்ளுவார்?

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு கண்ணிலும் காதிலும் படாமல் எங்கே போவது என்று இரண்டு நாள் தூக்கம் கெட்டது. டிவியை அணைத்துவிட்டு உட்காரலாமா? வீட்டில் டிவி இருக்கிறதே, கை சும்மா இருக்குமா? காரில் போகலாமா? ரேடியோ இருக்கிறது. கடைக்குப் போகலாமா? போகிறவன் வருகிறவன் எல்லாம் சொல்லிவிடுவான். டிவி, ரேடியோ, போன், வாயுள்ள மனிதர்கள் எதுவும் எட்டாத இடம் ஹேய்ஸ்டனில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

சனிக்கிழமை பத்தாம் இடத்து அணி தோற்றது. டார்லீன் சொன்னபடியே. வெர்லன் நேராகச் சமையலறைக்குப் போனார்.

"டார்லீன், அந்தக் கழுதை..."

"எந்தக் கழுதை?"

"சர்ச் கழுதைதான். பின்னங்காலா நான் வர்றேன்."

"ஐயோ, வேணாம் செல்லம். உன் முதுகு என்னத்துக்கு ஆகும்?"

வெர்லன் பின்கட்டுக்குப் போய் ஐம்பது பவுண்டு கோழித்தீவன மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். அதோடு மூன்று தடவை குனிந்து நிமிர்ந்தார்.

"பாஸ்டர்கிட்ட வேற ஆள் பார்க்கச் சொல்லிட்டேனே" என்றாள் டார்லீன் தயக்கத்தோடு.

"டார்லீன், உன் கால்ல வேணாலும் விழறேன். எங்க டீமோட எதிர்காலமே கழுதைக்குள்ளதான் இருக்கு!"

டார்லீன், வேறு வழியில்லாத மாதிரி, சரி என்றாள்.

ஞாயிறு காலை பதினொன்றே காலுக்குக் கழுதை மேடை ஏறியது. உள்ளே கும்மிருட்டு. வெர்லன் குனிந்து, டார்லீனின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வேஷத்துக்குள் பச்சைச் சட்டையோடு நடந்தார். அந்தச் சட்டையோடு அடைபட்ட இடத்தில் இருப்பது அவருக்கே அன்றுதான் முதல் தடவை. செப்டம்பர் முதல் டிசம்பர் வரை எல்லா மாதமும் மூக்கில் ஏறியது.

கொஞ்ச தூரம் போனதும் ஏதோ பேச்சுக் குரல் கேட்டது.

"டார்லீன், யாரு பேசறது?"

"பாஸ்டர் ஜெபம் பண்றார்."

"ஜெபத்துல எதுக்கு லாரி டயர் விளம்பரம் வருது?"

கழுதையின் தலைக்குள்ளிருந்து நீலமாக ஒரு வெளிச்சம் கசிந்தது.

"போன்ல பாக்கறியா நீ?"

"மெதுவாப் பேசு. மரியாளுக்குக் கேக்கும்."

"என்னைப் பார்க்காதேன்னுட்டு நீ பாக்கறியே!"

"முன்னங்கால் பார்த்தா ஒண்ணும் ஆகாது. பின்னங்கால் பார்த்தாத்தான் ஆபத்து. காலண்டர்ல நீயேதானே பார்த்தே?"

வெர்லனின் சட்டமே அவரை மடக்கியிருந்தது.

"நாலு வருஷமா எதுக்கு நான் தலைக்குள்ள போறேன்னு நினைச்சே? மேடையில நடிக்கற ஆசையா?" என்று கிசுகிசுத்தாள் டார்லீன். "முப்பத்தொரு வருஷமா வாசல்லயே நிக்கறேன் வெர்லன். வீட்டுல டிவிக்கு முன்னால ஒரு நாற்காலிதான் இருக்கு. அதுல எப்பவும் நீதான்."

வெர்லனுக்குச் சுருக்கென்றது. துடைக்கும் துணியோடு அவள் நிற்பதை முப்பத்தொரு வருஷம் பார்த்திருக்கிறார். ஒரு நாளும் எந்தப் பாத்திரத்தைத் துடைத்தாள் என்று பார்த்ததில்லை. துணி காய்ந்தே இருந்திருக்கும். அந்த இருட்டில் அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது.

"சரி, எத்தனை வரைக்கும் சொல்லிட்டாங்க?" என்றார், குரல் இறங்கி.

"பத்து ஆயிடுச்சு. கண்ணை மூடிக்கோ."

இருட்டில் வெர்லன் கண்ணை மூடிக்கொண்டார். மேடையில் சத்திரக்காரர் மரியாளிடம் "இடமில்லை" என்றார். வெர்லன் அதைக் கமிட்டியின் தீர்ப்பென்றே எடுத்துக்கொண்டார்.

அடுத்த நொடி கழுதையின் முன்பாதி மூன்றடி பாய்ந்தது. "வந்துட்டோம்! பதினொண்ணு! வந்துட்டோம்!" பின்பாதிக்குச் செய்தி சேருவதற்குள் நடுவில் தையல் பிரிந்தது. மரியாள் வைக்கோலில் உருண்டாள். சபையில் பாதிப்பேர் பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து போனை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று "ஆமென்!" என்று அலறினார்கள். அப்படி ஒரு ஆமென்னை அந்தச் சர்ச் கேட்டதே இல்லை. மேய்ப்பன் ஹோலிஸ் மட்டும் ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். "மூணே மூணு புள்ளி" என்று ஆட்டிடமும் சொன்னார்.

கிழிந்த கழுதையிலிருந்து வெர்லன் வெளியே வந்தார். டார்லீன் காது இரண்டும் ஆட அவரைக் கட்டிக்கொண்டாள். அவரும் கட்டிக்கொண்டார். பாஸ்டர் கிம்பிள் கண்டிக்கத்தான் வந்தார். ஆனால் அவரும் டன்மோர் ஆள்தான்.

ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது டார்லீனின் அக்கா வந்தாள்.

"வெர்லன், போன மாசம் வியாழக்கிழமை வந்து சரிபண்ணியே குழாய், மறுபடி ஒழுகுது."

"செவ்வாய்க்கிழமை" என்று திருத்தினார் வெர்லன்.

"வியாழக்கிழமைப்பா. எனக்கு அன்னிக்குத்தானே லீவு."

வெர்லன் மெதுவாகத் திரும்பினார். டார்லீன் வாழைப்பழப் புட்டிங்கை அவர் தட்டில் இரண்டு கரண்டி அதிகமாகவே வைத்தாள்.

"பல் டாக்டர்?" என்றார்.

"அது புதன். ஜெயிச்ச சட்டையைத் துவைக்கலாமா, செல்லம்?"

"கூடாது."

"ஜெயிச்ச கழுதையை மாத்தலாமா?"

வெர்லன் வாயைத் திறந்தார். புட்டிங்கைப் போட்டு மூடிக்கொண்டார்.

மறுநாள் சவ அடக்க நிலையத்தின் புதுக் காலண்டர் குளிர்சாதனப் பெட்டியில் ஏறியிருந்தது. அடுத்த நவம்பரின் செவ்வாய்கள் எல்லாம் முன்கூட்டியே நிரம்பியிருந்தன: அக்கா வீட்டுக் குழாய், வேலிக்குப் பெயிண்ட், கோழிக்கூண்டு, பரண். டிசம்பர் முதல் ஞாயிற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.

வெர்லன் கூடத்துக்கு வந்தார். சாய்வு நாற்காலியில் கால் நீட்டி, மடியில் வேர்க்கடலைக் கிண்ணத்தோடு டார்லீன் உட்கார்ந்திருந்தாள். டிவியில் டன்மோரின் வாய்ப்புகளை அலசிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கே உக்கார்றது?" என்றார் வெர்லன்.

டார்லீன் கண்ணைத் திருப்பாமலே துடைக்கும் துணியை எடுத்து நீட்டினாள்.

"வாசல்ல நில்லு செல்லம், அங்கேயிருந்தும் நல்லாத் தெரியும்."