உடும்பு பதினோராம் டோக்கனை அழைத்த கதை

ஒரு காட்டில் ஓர் உடும்பு இருந்தது. காடு என்றால் புலி உறுமும், அருவி கொட்டும் என்று கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மூன்று கோடு சிக்னல் கிடைக்கும் காடு. டவர் வந்த மறுவாரமே சிங்கராஜா தர்பாரைக் கலைத்துவிட்டு ஓர் இணையதளத்தைத் திறந்துவிட்டார். வளை, பொந்து, புற்று, குகை எதுவானாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆடி அமாவாசைக்குள் அதில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் அடுத்து விண்ணப்பித்தவருக்கு வீடு போய்விடும்.

நம் உடும்புக்குப் பெயர் கெட்டியப்பன். அது குடியிருந்தது ஒரு பழைய கரையான் புற்றில். அந்த வருஷம் அதன் பெண்டாட்டி புற்றுக்குள் பதினான்கு முட்டை இட்டிருந்தது. அடுத்து விண்ணப்பித்திருந்தவர் நாகராசு. நல்ல பாம்பு. தினமும் காலையில் புற்று வாசலுக்கு வந்து, "அவசரமே இல்லண்ணே, மெதுவாப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து முட்டையை எண்ணிவிட்டுப் போகும்.

போன வருஷம் பெரிய சிவப்புப் பொத்தான் ஒன்று இருந்தது. 'புதுப்பிக்க' என்று எழுதியிருந்தது. அழுத்தினால் புதுப்பித்தது. இதில் என்ன குறை கண்டார்களோ தெரியவில்லை. தளத்தைக் கட்டுகிற பச்சோந்தியை நகரத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். போனது சும்மா திரும்புமா?

இந்த வருஷம் கெட்டியப்பன் போனில் தளத்தைத் திறந்தபோது திரை முழுக்க ஒரு மான் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறது என்று எங்கும் போடவில்லை. கீழே தள்ளினால் இன்னொரு மான். எழுத்தெல்லாம் எறும்புக் கால் கனத்தில், வெள்ளைத் தாளில் சாம்பல் பூசினாற்போல் இருந்தது. தள்ளத் தள்ளப் பக்கம் முடியவே இல்லை. நடுவில் ஒரு பெட்டி குதித்து வந்து, "எங்கள் புதிய தோற்றம் எப்படி? ஐந்து நட்சத்திரம் தருக" என்றது. அதை மூடினால் மூலையிலிருந்து ஒரு கிளி எட்டிப் பார்த்தது.

"வணக்கம்! நான் உங்கள் உதவியாளர். என்ன வேண்டும்?"

"புதுப்பிக்கிற பொத்தான் எங்க?"

"புதுப்பிக்கிற பொத்தான் எங்க?" என்றது கிளி.

"அதைத்தான் கேக்கறேன்!"

"அதைத்தான் கேக்கறேன்! வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

கெட்டியப்பன் கோபத்தோடு பச்சோந்தியைத் தேடிப் போயிற்று. மரத்தில் கால் மணி நேரம் தேடியும் காணோம். கடைசியில் மூக்குக்கு நேரே இருந்த இலை பேசிற்று. "இங்கதான் இருக்கேன்."

"பொத்தானைக் காணோம்யா!"

"ரொம்ப நன்றி" என்றது பச்சோந்தி, நெஞ்சில் கை வைத்து. "அது இருக்கு. வெள்ளைப் பக்கத்துல வெள்ளைப் பொத்தான். கண்ணுக்குத் தெரியற மாதிரி நிக்கறது எங்க குலத்துல அசிங்கம்."

"எந்த இடத்துல இருக்குன்னாவது சொல்லு."

"தினமும் இடம் மாறும். ஒரே இடத்துல இருந்தா பருந்து தூக்கிடாதா?"

பொத்தானைப் பருந்து ஏன் தூக்க வேண்டும் என்று கேட்க வாயெடுத்தது உடும்பு. அதற்குள் இலை மஞ்சளாகிவிட்டது. பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

அமாவாசைக்கு இரண்டே நாள். வயிற்றெரிச்சல் தாங்காமல் கெட்டியப்பன் தரையைப் பிறாண்டியது. அப்படிப் பிறாண்டிய இடத்தில் என்றைக்கோ சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன ஒரு பொருள் அகப்பட்டது. உள்ளங்கை அளவுப் பெட்டி. தீப்பெட்டி அளவுத் திரை. மேலிருந்து செங்கல் விழ விழ, வரிசையாக அடுக்குகிற அந்தக் காலத்து வீடியோ கேம். உடும்பு அதன் பேட்டரியைக் கழற்றி, அரைநாள் வெயிலில் காயவைத்து, ரெண்டு கடி கடித்துத் திரும்பப் போட்டது.

டொய்ங்!

நான்கே பொத்தான். நான்கும் பளிச்சென்ற மஞ்சள். இடது என்றால் இடது, வலது என்றால் வலது. அது மான் படம் காட்டவில்லை. எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லவில்லை. கருத்துக் கேட்கவில்லை. கெட்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. உலகத்தில் இப்படியும் ஒரு மரியாதை உண்டா என்று பெட்டியைக் கன்னத்தில் ஒற்றிக்கொண்டது. அப்புறம் பிடித்தது பாருங்கள், உடும்புப் பிடி!

"ஏங்க, நாளைக்கு அமாவாசை" என்றது பெண்டாட்டி.

"இந்த ஒரு வரிசை மட்டும்."

"பதினாலு முட்டைங்க!"

"ரெண்டு வரிசை."

டொய்ங் சத்தம் சிங்கராஜாவின் மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தது. ராஜா பாய்ந்து வந்தார், பெட்டியைப் பிடுங்கினார், காலடியில் போட்டு நசுக்கப் போனவர் ஒரு செங்கல் விழுவதைப் பார்த்தார். பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். மறுநாள் காலை வரை மூன்றாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. கெட்டியப்பன்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஏழாம் கட்டம் வரை கரையேற்றியது.

"என்ன வேணும், கேள்" என்றார் ராஜா.

"நம்ம தளம் இது மாதிரி இருக்கணும் ராஜா. பொத்தான் கண்ணுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

ராஜா பச்சோந்தியைக் கூப்பிட்டார். "தளம் இது மாதிரி இருக்கணும்" என்றார். 'கண்ணுக்குத் தெரியணும்' என்பதைச் சொல்ல மறந்துவிட்டார். மூன்றாவது செங்கல் விழுந்துகொண்டிருந்தது.

பச்சோந்தி எதைப் பார்த்தாலும் அதுவாகவே மாறுகிற ஜாதி. மத்தியானத்துக்குள் தளம் முழுக்கச் செங்கல் விளையாட்டாகிவிட்டது. புதுப்பிக்க வேண்டுமா? பத்து வரிசை அடுக்கு. அடுக்க முடியாவிட்டால் ஆட்டம் முடிந்தது, அடுத்த ஆடியில் வா.

நாகராசு எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்திருக்க, பொழுது சாய ஐந்து நிமிஷம் இருக்கும்போது கெட்டியப்பன் பத்து வரிசையையும் கண்ணை மூடிக்கொண்டு அடுக்கியது. டொய்ங். பதினான்கு முட்டையும் பிழைத்தன. பெண்டாட்டி அழுதேவிட்டது.

கதையை இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதை. என்ன செய்ய, காட்டில் மற்றவர்களும் இருந்தார்கள். யானை அழுத்தினால் நான்கு பொத்தானும் ஒன்றாக அமுங்கின. குரங்கு மூன்றாம் வரிசையில் போனைத் தூக்கி எறிந்தது. ராஜா ஒரு வாரம் தவணை கொடுத்தார். எல்லாரும் கெட்டியப்பனிடம் ஓடி வந்தார்கள். முதல் நாள் இலவசமாக அடுக்கிக் கொடுத்தது. இரண்டாம் நாள் யாரோ கூலியாக ஒரு தவளையைக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் புளியமரத்தடியில் ஒரு பலகை தொங்கிற்று: 'இங்கு பதிவு புதுப்பித்துத் தரப்படும்.' டோக்கன் கொடுக்கத் தளத்திலிருந்த அந்தக் கிளியையே வைத்துக்கொண்டது.

கெட்டியப்பன் தொந்தி வைத்தது.

வளையில் ஆறு குட்டிகளை வைத்திருந்த பெருச்சாளி ஒன்று ராஜாவுக்கு மனுக் கொடுத்தது. 'ஒரே ஒரு பொத்தான். சிவப்பு. புதுப்பிக்க என்று எழுதினால் போதும்.' ராஜா ஆலோசனை கேட்கக் கெட்டியப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"சிவப்பா?" என்று முகம் சுளித்தது உடும்பு. "அழகே போயிடும் ராஜா. ஜனங்க பழகிக்குவாங்க."

தவணையின் கடைசி நாள். பொழுது சாயப் போகிறது. வரிசையில் மிச்சம் இரண்டே பேர். கெட்டியப்பன் கண்காட்ட, கிளி பதினொன்று என்று கூவ, நாகராசு ஊர்ந்து முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் பன்னிரண்டாம் டோக்கனோடு பெருச்சாளி.

"எனக்குத்தான் விரல் இல்லையேண்ணே" என்று குழைந்தது பாம்பு. இலையில் சுற்றிய காடை முட்டை எட்டைப் பலகைக்குக் கீழே தள்ளியது. "வளை ஒண்ணு காலியாகப் போகுதுன்னு கேள்விப்பட்டேன். என் பேருக்கு எழுதணும்."

"எந்த வளை?"

நாகராசு தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்து, "அவசரமே இல்ல" என்று பெருச்சாளியைப் பார்த்துச் சிரித்தது.

"அண்ணே, என்னுது ஒரு நிமிஷ வேலை, முதல்ல என்னுதை..." என்றது பெருச்சாளி.

"வரிசைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றது கெட்டியப்பன். முட்டையை ஒருமுறை எண்ணிக்கொண்டது. மெதுவாக, ரொம்ப அழகாக, பத்து வரிசையையும் அடுக்கியது.

டொய்ங்.

சூரியன் இறங்கிவிட்டது. "வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?" என்றது கிளி.

நீதி: பொத்தான் தெரியவில்லை என்று கத்துகிறவனைக் கண்டு ஆள்பவர் அஞ்ச வேண்டியதில்லை. அவனுக்கு மட்டும் தெரியும்படி செய்தால் போதும், மற்றவர்களை அவனே பார்த்துக்கொள்வான்.