மேல் தட்டு மீன்

நாலாவது தடவையா மோந்து பாத்தா. சந்தேகமே இல்ல. கேக்ல மீன் வாசனை.

"முள்ளை எடுத்துட்டுக் குடு, பாவம் ஹெட்மிஸ்ட்ரஸ்," அண்ணன் சோஃபாவுல படுத்தபடியே சொன்னான்.

அம்மாவுக்கு இது மொதல் பெரிய ஆர்டர். அஞ்சு மணிக்கு ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து வாங்கிட்டுப் போவாங்க. பிடிச்சுப்போச்சுனா மாசாமாசம் ஆர்டர். அட்டைப்பெட்டி வாங்கக் கெளம்பும்போது அம்மா சொன்னது ஒண்ணுதான்: "கேக்கைப் பாத்துக்கோ. உன்ன நம்பித்தான் போறேன்."

ஃப்ரிட்ஜ்ல மேல் தட்டுல, மூடி இல்லாத பாத்திரத்துல பச்சை மீன். அம்மா செத்தாலும் இப்படி வெக்க மாட்டாங்க. மீன்னா கீழ் தட்டு, இறுக்கி மூடின டப்பா.

"நீயாண்ணா வெச்ச?"

"எனக்கு ஃப்ரிட்ஜ்லேருந்து எடுக்கத்தான் தெரியும்."

மீனை மூடிக் கீழ இறக்கினா. வாசனையை இழுக்கட்டும்னு ஒரு கிண்ணம் காப்பிப்பொடியைக் கேக்குக்கு மேல் தட்டுல வெச்சா. கதவு சரியா மூடல. ஓங்கி ஒரு அடி. உள்ள கிண்ணம் கவுந்த சத்தம் கேட்டுச்சு.

"மீன் போச்சா?"

"போகல. காப்பியும் சேந்துருச்சு."

விடுறதா இல்ல அவ. மேல் க்ரீமை மொத்தமா வழிச்சு எடுத்துட்டு, மிச்சம் இருந்த க்ரீமைப் பூசினா. மோந்து பாத்தா. வாசனையே இல்ல. ஆனா க்ரீம் பூசின அரை மணி நேரமும் கதவு தெறந்தே கெடந்து குளிர் போனதுல, ஃப்ரிட்ஜ் முழுக்க மீன் வீட்டுக்காரன் மாதிரி குடியேறியிருந்துச்சு. இதுக்குள்ள திரும்ப வெச்சா பழைய கதைதான்.

பக்கத்து வீட்டு அத்தை ஆபீஸ் போயிருந்தாங்க. ரெண்டு வீட்டுச் சாவியும் ரெண்டு வீட்லயும் இருக்கும். அண்ணன் எழுந்து வாசக்கதவைத் தெறந்து விட்டான். அன்னிக்கு அவன் பாத்த ஒரே வேலை.

அத்தை வீட்டு ஃப்ரிட்ஜைத் தெறந்ததும் பளிச்சுனு வெளிச்சம். ரெண்டு தண்ணி பாட்டில் தவிர உள்ள ஒண்ணுமே இல்ல. ஃப்ரிட்ஜ்னா இப்படி இருக்கணும். இந்தக் கதவும் தெறந்து கெடக்கக் கூடாதுனு, கேக்கை வெச்ச கையோட மூடிட்டா.

நாலேமுக்காலுக்கு அம்மா ஃபோன்.

"தெருமுனைக்கு வந்துட்டோம். ஹெட்மிஸ்ட்ரஸும் கூடவே வர்றாங்க. கேக் எப்படி இருக்கு?"

"அப்படியே இருக்கும்மா."

"அதுதான் என் பொண்ணு."

சாவியை எடுத்துக்கிட்டு ஓடினா. அத்தையோட பொண்ணு, ஆறு வயசு வாண்டு, பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல பையோட நின்னுட்டிருந்தா.

"எங்க வீட்ல என்னக்கா வேலை?"

"உங்க ஃப்ரிட்ஜ்ல கேக் வெச்சிருக்கேன். மத்தியானத்துலேருந்து."

வாண்டு தலையைச் சாச்சு அவளையே பாத்தா.

"அதுல லைட் மட்டுந்தானே எரியும். அதனாலதானே காலைல எங்கம்மா மீனை உங்க ஃப்ரிட்ஜ்ல வெச்சுட்டுப் போனாங்க?"